சிஸ்டரைக் கேளுங்கள்: "எங்கள் தெருவில் அப்படி யாரும் இல்லையே?"

கடலூரில் மனநலப் பிரிவு செவிலியராக 29 ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்ற 'சிஸ்டர்', வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறார். கடிதம் எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை வெளியிடவில்லை.

பத்தில் ஒருவருக்கு மனநோய் என்று தொலைக்காட்சியில் ஒரு டாக்டர் சொன்னார். எங்கள் தெருவில் ஐம்பது வீடு. முப்பது வருடமாக இங்கே குடியிருக்கிறேன். கோயில் வாசலில் தனக்குத்தானே பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவரைத் தவிர மனநோயாளி என்று யாரையும் நான் பார்த்ததில்லை. இந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது? கூட்டிச் சொல்கிறார்களோ?
*— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்பாதிரிப்புலியூர்*

ஐயா, பலர் மனதில் இருக்கும் கேள்வி. வாய்விட்டுக் கேட்டது நீங்கள்தான்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பெங்களூருவில் இருக்கும் தேசிய மனநல நிறுவனமான நிமான்ஸ் 2015-16இல் 12 மாநிலங்களில் வீடு வீடாகப் போய் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு அது. தமிழ்நாடும் அந்த 12இல் ஒன்று. 18 வயது நிரம்பிய சுமார் 35,000 பேரை உட்கார வைத்து, கேள்வி கேட்டு எடுத்தார்கள். நூற்றுக்கு 10.6 பேருக்கு அந்தச் சமயத்தில் ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. வாழ்நாளில் எப்போதாவது வந்துபோனதையும் சேர்த்தால் 13.7 பேர். பீடி, புகையிலைப் பழக்கத்தை இதில் சேர்க்கவில்லை. குடிநோய் உண்டு. உங்கள் ஐம்பது வீட்டில் பெரியவர்கள் மட்டும் ஒரு நூற்றைம்பது பேர் இருப்பார்கள் என்று வைத்தால், பதினைந்து பேர் வருகிறார்கள்.

அந்தப் பதினைந்து பேரும் எங்கே என்பதுதான் உங்கள் கேள்வி. கோயில் வாசலில் இருப்பவரைப் போல இன்னும் பதினான்கு பேரைத் தேடுகிறீர்கள், அதனால் கண்ணில் படவில்லை. இல்லாத குரல் கேட்கும் மனச்சிதைவு, உற்சாகத்தின் உச்சிக்கும் சோர்வின் அடிக்கும் மாறி மாறிப் போகும் இருதுருவ நோய் போன்ற கடுமையான நோய்கள் அதே கணக்கெடுப்பில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. மற்றதெல்லாம் மனச்சோர்வு, பதற்றம், குடி. அவர்கள் காலையில் கோலம் போடுகிறார்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறார்கள், ரேஷன் கடை வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பது பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரியாது.

எங்கள் ஓ.பி.யில் சீட்டு எழுதும்போது ஊர்ப் பெயர் கேட்போம். பாகூர், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று பாண்டிப் பக்கத்து ஊர்கள் நிறைய வரும். "உங்களுக்குக் கோரிமேட்டில் ஜிப்மரே இருக்கே, எதுக்கும்மா இவ்வளவு தூரம்?" என்று கேட்டால், "அங்க தெரிஞ்சவங்க யாராவது பாத்துடுவாங்க சிஸ்டர்" என்பார்கள். ஒருமுறை என் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக நான் ஜிப்மர் போயிருந்தேன். மனநலப் பிரிவைத் தாண்டி நடக்கும்போது பெஞ்சில் எங்கள் தெருக்காரர். மளிகைக்கடை வைத்திருக்கிறார். துவரம்பருப்பும் எண்ணெயும் நான் வாங்குவது அவரிடம்தான். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த சீட்டை இரண்டாக, நாலாக, எட்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். திரும்பும்போது ஒரே பஸ். முள்ளோடை தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் சொன்னார்: "எட்டு மாசமா வரேன் சிஸ்டர். வீட்ல சரக்கு எடுக்கப் போறேன்னு சொல்லியிருக்கேன்." நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். என் வீடு நாலு வீடு தள்ளி.

கடலூர்க்காரர்கள் பாண்டிக்கு, பாண்டிக்காரர்கள் கடலூருக்கு. ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லாத அந்தச் சாலையில் இருபக்கமும் போகிற பஸ்ஸில், யார் கண்ணிலும் படாமல் மாத்திரை வாங்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்து அறிந்த கணக்கு இது. பஸ் ஏறியவர்களாவது பரவாயில்லை. நோய்க்கு நோய் கொஞ்சம் மாறினாலும், சிகிச்சைக்கே வராதவர்கள் நூற்றுக்கு 70 முதல் 92 பேர் என்கிறது அதே கணக்கெடுப்பு.

உலகக் கணக்கும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. 2019இல் 97 கோடிப் பேர், எட்டில் ஒருவர் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே கூட்டிச் சொல்லவில்லை ஐயா.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். முப்பது வருடமாகக் குடியிருக்கும் ஆசிரியரைத் தெருவே மதிக்கும். அடுத்த முறை யாராவது தூக்கமே வருவதில்லை சார் என்று சொன்னால், "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் "எத்தனை நாளாக?" என்று கேளுங்கள்.

வயது 42. நெய்வேலியில் வேலை. மூன்று மாதமாகத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல் மரத்துப்போகிறது, இந்த நிமிஷமே செத்துவிடுவேன் போலிருக்கிறது. நாலு டாக்டர், மூன்று ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் எல்லாம் பார்த்தாயிற்று. எல்லாம் நார்மல். கடைசி டாக்டர் "மனசுதான், வேற ஒண்ணுமில்ல" என்றார், மனைவி முன்னாலேயே. அப்படியென்றால் நான் நடிக்கிறேனா?
*— பெயர் வேண்டாம், நெய்வேலி*

நடிக்கவில்லை தம்பி. ஒரு துளிகூட இல்லை. "மனசுதான்" என்பதில் அந்த 'தான்' இருக்கிறதே, அதுதான் உங்களைச் சுட்டிருக்கிறது. "இதயம்தான், வேற ஒண்ணுமில்ல" என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார்.

இருட்டில் வரப்பு மேல் நடக்கும்போது காலடியில் பாம்பு நெளிந்தால் உடம்பு என்ன செய்யும்? அட்ரினலின் சுரக்கும், இதயம் அடித்துக்கொள்ளும், மூச்சு வாங்கும், வியர்க்கும். ஓடித் தப்பிப்பதற்கு உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு. உங்களுக்குப் பாம்பு இல்லாமலே அது நடக்கிறது. வேகமாக மூச்சு இழுத்து விடும்போது ரத்தத்தில் கரியமிலவாயு குறைகிறது, அதனால் விரலும் உதடும் மரத்துப்போகின்றன. பீதித் தாக்குதல் என்று பெயர், ஆங்கிலத்தில் பேனிக் அட்டாக். பத்து நிமிஷத்துக்குள் உச்சிக்குப் போகும், அநேகமாக அரை மணிக்குள் இறங்கிவிடும். அதனால் உயிர் போகாது. ஆனால் போகப்போகிறது என்ற பயம் நூற்றுக்கு நூறு நிஜம். அந்தப் பயத்தை வார்டில் ஆயிரம் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

அதைவிடக் கெடுதல் செய்வது, 'மறுபடி எப்போ வருமோ' என்ற கவலை. முதலில் பஸ்ஸில் ஏறுவதை விடுவீர்கள், அப்புறம் கூட்டத்தை, அப்புறம் வீட்டை விட்டு வெளியே போவதையே. அங்கே போவதற்குள் பிடித்துவிட வேண்டும். தைராய்டு பரிசோதனை எடுத்தீர்களா என்று எழுதவில்லை. எடுத்துவிடுங்கள், தைராய்டு கூடினாலும் இப்படிப் படபடக்கும். காப்பி, டீயைக் குறையுங்கள். வரும்போது எழுந்து ஓடாமல், இருந்த இடத்திலேயே உட்கார்ந்து, இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கி மூச்சு விடுங்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள். பேச்சு வழிச் சிகிச்சையும் தேவைப்பட்டால் மாத்திரையும் தருவார். நன்றாகக் குணமாகிற நோய்களில் இது ஒன்று.

மற்ற வாசகர்களுக்கு: இவர் இதயத்தைப் பார்த்து முடித்துவிட்டார், அதனால் இப்படி எழுதுகிறேன். முதல் முறை நெஞ்சு வலிப்பவர் 'இது பீதிதான்' என்று தானே முடிவு செய்துகொண்டு வீட்டில் இருக்கக் கூடாது.

மகளுக்குப் பிரசவமாகிப் பதினோராம் நாள். நாலு ராத்திரியாகப் பொட்டுத் தூக்கம் இல்லை. "இது என் குழந்தை இல்லை, மாத்திட்டாங்க" என்கிறாள். சுவரைப் பார்த்துப் பேசுகிறாள். சம்பந்தி வீட்டார் காத்து கருப்பு அண்டியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை மந்திரிக்கலாம் என்கிறார்கள். அதுவரை பார்க்கலாமா?
*— ஒரு தாய், பாகூர்*

இந்தக் கடிதத்துக்குப் பத்திரிகை வரும்வரை நான் காத்திருக்கவில்லை. அடியில் போன் நம்பர் இருந்தது. படித்த கையோடு கூப்பிட்டேன். அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆறு வாரம் கழித்து அந்த அம்மாவே பேசினார்: "இப்ப பிள்ளைக்கு அவளே எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுறா. நீங்க பத்திரிகையில போடுங்க சிஸ்டர், இன்னொரு வீட்டுக்கு ஆகும்." அதனால் எழுதுகிறேன்.

பிரசவமான மூன்றாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுகை வருவது பாதிக்கு மேற்பட்ட தாய்மார்களுக்கு உண்டு. பத்துப் பதினைந்து நாளில் தானே போய்விடும். ஒரு வாய் சூடான சோறும், யாராவது குழந்தையை வாங்கிக்கொண்டு "நீ தூங்கு" என்பதும் போதும். அது போகாமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், குழந்தை மேல் ஒட்டுதலே வரவில்லை, நான் நல்ல அம்மா இல்லை என்று சொன்னால், அது மனச்சோர்வு. நூறு தாய்மாரில் பத்துப் பதினைந்து பேருக்கு வருகிறது. இவர் மகளுக்கு வந்தது மூன்றாவது வகை, பிரசவத்துக்குப் பின் வரும் தீவிர மனநோய். ஆயிரத்தில் ஒருவர் இரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், தடாலடியாக வரும். தூக்கம் அடியோடு போகும், இல்லாத குரல் கேட்கும், குழந்தையைப் பற்றி விபரீதமான எண்ணம் வரும். தாய்க்கும் குழந்தைக்கும் உயிர் ஆபத்து உண்டு. ஜன்னி கண்டவரை எப்படித் தூக்கிக்கொண்டு ஓடுவோமோ அப்படி ஓட வேண்டும். போகும்வரை தாயையும் குழந்தையையும் தனியாக விடக் கூடாது.

மந்திரிப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. விபூதி பூசிக்கொண்டு வந்தவர்களுக்கும் தாயத்து கட்டிக்கொண்டு வந்தவர்களுக்கும் ஊசி போட்டிருக்கிறேன். அந்த நம்பிக்கை அவர்களுக்குத் தெம்பு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கிற நோய் இல்லை இது.

பெண்ணுக்கு நல்ல இடம் வந்திருக்கிறது. விசாரித்ததில் மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு மனநிலை சரியில்லையாம், மனச்சிதைவு என்கிறார்கள். பரம்பரையாக வருமா? வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?
*— பெண்ணின் தகப்பனார், பண்ருட்டி*

எனக்கும் அப்படி ஒரு சித்தப்பா இருந்தார் ஐயா.

கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய நகரத்தில், எங்கள் பழைய வீட்டின் பின்கட்டில் ஓர் அறை. வெளிப்பக்கமாகத் தாழ்ப்பாள். யாராவது வந்து கேட்டால் "தம்பி பம்பாய்ல வேலையா இருக்கான்" என்று எங்கள் பாட்டி சொல்லும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தட்டில் சோறு போட்டுக் கதவிடுக்கில் தள்ளுவது என் வேலை. உள்ளேயிருந்து "பாப்பா, வெளிய யாரு பேசுறா?" என்று கேட்பார். யாரும் பேசியிருக்க மாட்டார்கள். நர்சிங் படிக்கப் போய், மனநல வார்டில் முதல் நாள், ஒரு நோயாளி என்னைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார். அன்று ராத்திரி விடுதியில் நான் தூங்கவில்லை. சித்தப்பாவுக்கு ஒரு நோய், அதற்குப் பெயர் இருக்கிறது, ஊசி இருக்கிறது, எங்களுக்குத் தெரியாமலே பதினான்கு வருஷம் போய்விட்டது. லீவில் வந்து அப்பாவோடு மல்லுக்கட்டி அவரை அழைத்துப் போனேன். பதினைந்து நாளைக்கு ஓர் ஊசி. முழுக்கக் குணமாகவில்லை. ஆனால் குரல்கள் அடங்கின, தாழ்ப்பாளைக் கழற்றினோம். கடைசி பத்து வருஷம் மாமாவின் அரிசி மண்டியில் மூட்டைக் கணக்கு எழுதினார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்த செய்தி வந்தபோது, என் கண்முன் வந்தது அந்தத் தாழ்ப்பாள்தான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மனச்சிதைவு பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வாழ்நாளில் வரலாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் பத்து. சித்தப்பா, மாமா என்று போனால் இரண்டு, மூன்று. இரட்டைப் பிள்ளைகளில், ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்களாக இருந்தும், ஒருவருக்கு வந்தால் மற்றவருக்குப் பாதிக்குப் பாதி வராமலே போகிறது. ரத்தத்தில் ஒரு பங்கு உண்டு, அது மட்டுமே முடிவு செய்வதில்லை. இந்த நோய் அநேகமாகப் பதினெட்டு வயதிலிருந்து முப்பது வயதுக்குள் தலைகாட்டிவிடும். மாப்பிள்ளைக்கு என்ன வயது என்று பாருங்கள், அவர் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் விசாரிப்பது வேறு. பையன் குடிக்கிறாரா, கோபம் வந்தால் கை நீட்டுகிறாரா. அப்புறம், அந்தச் சித்தப்பாவை அந்த வீட்டில் எப்படி வைத்திருக்கிறார்கள்? உங்களிடம் மறைக்காமல் சொன்னார்களா? வேளைக்குச் சோறும் மாத்திரையும் கொடுத்து, பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் அவரையும் உட்கார வைக்கிற வீடு என்றால், என் மகளாக இருந்தால் தைரியமாகக் கொடுப்பேன்.

அப்பாவுக்கு 61 வயது. சுனாமியில் தம்பியை இழந்தார். அதிலிருந்து படகு ஏறவில்லை, கரையில் வலை மட்டும் கட்டுகிறார். டிசம்பர் வந்தால் பண்ருட்டி அத்தை வீட்டுக்குப் போய்விடுவார். இன்னமும் ராத்திரி சட்டையைக் கழற்றாமல், ரேஷன் கார்டும் பாஸ்புக்கும் வைத்த பையைத் தலைமாட்டில் வைத்துத்தான் படுக்கிறார். இத்தனை வருஷம் கழித்தும் இது நோயா, குணமா?
*— மகன், தேவனாம்பட்டினம்*

தலைமாட்டுப் பையைப் பற்றி எழுதினீர்களே தம்பி, அது ஒன்றே போதும், உங்கள் அப்பா ஒவ்வொரு ராத்திரியும் 2004 டிசம்பர் 26க்கு முந்தின ராத்திரியில்தான் படுக்கிறார். மறுநாள் காலை ஓடுவதற்குத் தயாராக.

அந்த வாரம் நான் முகாமில் இருந்தேன். நம் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். கல்யாண மண்டபத்தில் ஒரு பெண், யாரோ கொடுத்த புடவையை மடிப்பார், பிரிப்பார், மறுபடி மடிப்பார். மூன்று நாள் அதையே செய்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மறு முனையைப் பிடித்துக்கொடுத்தேன். நாலாம் நாள் பேசினார். அப்போது ஆளாளுக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து "என்ன நடந்துச்சு சொல்லும்மா, யார் யாரு போனாங்க" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நல்ல எண்ணத்தோடுதான் வந்தார்கள். ஆனால் அப்படிக் கிளறுவது ஆறுகிற புண்ணை ஆறவிடாது. கஞ்சி, பாய், மறைவான கழிப்பிடம், காணாமல் போனவர் பற்றி உண்மையான தகவல், தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில். முதல் நாட்களுக்கு வேண்டியது இவைதான்.

பெரும்பாலானவர்கள் தாங்களாகவே மீண்டார்கள். அதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பேரிடரைப் பார்த்த எல்லோருக்கும் நோய் வரும் என்பதில்லை. ஆனால் ஒரு பங்குப் பேருக்குக் காலம் அங்கேயே நின்றுவிடுகிறது. கனவிலும் சத்தத்திலும் அதே காட்சி திரும்ப வரும். அந்த இடத்தை, அந்தத் தேதியைத் தவிர்ப்பார்கள். சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடும். பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோய் இது. 2011 டிசம்பரில் தானே புயல், 2015இல் வெள்ளம் என்று நம் ஊருக்கு அடிமேல் அடி. ஒவ்வொரு அடியும் பழைய புண் மேலேயே விழுகிறது. தானே புயல் ஓய்ந்ததும் முந்திரித் தோப்பு முழுக்கச் சாய்ந்து கிடந்ததைப் பார்த்த பண்ருட்டி விவசாயிகள் சிலரும் பிறகு எங்களிடம் வந்தார்கள்.

இருபது வருஷம் ஆனாலும் சிகிச்சை உண்டு. கடலுக்குப் போ என்று தள்ளாதீர்கள். முதலில் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். பயந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டத்தில் போய்ப் பழகுவதற்கு முறையான பயிற்சி இருக்கிறது, தூக்கத்துக்கும் படபடப்புக்கும் மாத்திரை இருக்கிறது. அவர் குடிக்கிறாரா என்று எழுதவில்லை. தூக்கத்துக்காகக் குடிக்கத் தொடங்கியவர்கள் கரையில் நிறையப் பேர். இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதிகமாகக் குடிப்பவர் வீட்டில் வைத்து ஒரேயடியாக நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பும் பிதற்றலும் வரலாம். ஆஸ்பத்திரியில் வைத்து நிறுத்த வேண்டும்.

உங்கள் சித்தப்பாவுக்குத் திதி கொடுக்கிறீர்களா? இல்லை என்றால் அப்பாவிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

மனநோய் மாத்திரை எடுத்தால் ஆயுசுக்கும் விட முடியாதாமே? தூக்க மாத்திரை தானே எல்லாம்?
*— துணிக்கடை உரிமையாளர், நெல்லிக்குப்பம்*

எல்லாம் ஒன்று இல்லை. மனச்சோர்வு மாத்திரை தூக்க மாத்திரை அல்ல. வேலை செய்யவே இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். பலர் பத்தாம் நாள் 'கேட்கவில்லை' என்று நிறுத்திவிடுகிறார்கள், அது கேட்கத் தொடங்குவதற்கு முன்பே. நல்லானபிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் சாப்பிட்டு, டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம். திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு நாள் கூடும். மனச்சிதைவு, இருதுருவ நோய் என்றால் பல வருஷம் ஆகலாம், சர்க்கரைக்குச் சாப்பிடுவதைப் போல.

உண்மையில் பழகிப்போவது வேறொன்று. அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளை யாரோ எப்போதோ எழுதிக்கொடுத்த பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வருஷக்கணக்காக வாங்குகிறவர்கள் உண்டு. கொஞ்ச நாளைக்கு நல்ல மருந்து. நாள்பட்டால் அது இல்லாமல் தூக்கம் வராது. நீங்கள் அப்படி யாருக்காகவாவது கேட்கிறீர்கள் என்றால், திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள், டாக்டரிடம் அனுப்புங்கள்.

கதவைப் பூட்டினேனா என்று இரண்டு தடவை பார்க்கிறேன். எனக்கு ஓ.சி.டி.யா?
*— கல்லூரி மாணவி, புதுச்சேரி*

இரண்டு தடவை பார்த்துவிட்டுக் காலேஜுக்குப் போய்விடுகிறாய் என்றால் இல்லை, கண்ணு. வேண்டாம் என்று தெரிந்தும் விட முடியாமல், தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதிலேயே போய், கை தோல் உரியும்வரை கழுவி, பரீட்சையைத் தவறவிட்டால் அது எண்ணச் சுழற்சி நோய். உன் வயதில் தொடங்குவது சகஜம். உலகத்தில் வருகிற மனநோய்களில் ஏறக்குறைய பாதி 18 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன. உன் தோழிகளில் யாராவது அப்படி இருந்தால் "லூசு" என்று சொல்லாமல் கூடப் போ.

சிஸ்டர், எனக்கு எல்லாம் இருக்கிறது என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு எதுவும் ருசிக்கவில்லை. நான் இல்லாவிட்டால் வீட்டுக்குச் செலவு குறையும். யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.
*— பெயரும் ஊரும் இல்லை. தபால் முத்திரை கடலூர்*

நீங்கள் இதைப் படிக்க வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

எழுதினீர்களே, அதற்கு என் நன்றி. நேராகக் கேட்கிறேன்: உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா? வந்தால் இந்தப் பக்கத்தைக் கீழே வைப்பதற்கு முன் 14416க்குக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ், 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது. காசு கிடையாது, ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். பெயர் சொல்ல வேண்டாம் என்றால் வேண்டாம். இப்போதே தாங்க முடியவில்லை என்றால் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். போலீஸ், கேஸ் என்று பயப்பட வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை விட முயன்றவரைக் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று சொல்கிறது. அவரைப் பராமரிப்பது அரசின் கடமை என்றும் சொல்கிறது.

ருசிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஒட்டாமல், தூக்கமும் பசியும் போய், 'நான் பாரம்' என்ற எண்ணம் வந்தால் அது மனச்சோர்வு பேசுகிற பேச்சு. செலவு குறையும் என்ற கணக்கை நோய் போட்டுத் தருகிறது. இதே கணக்கை அழுதுகொண்டே என்னிடம் சொன்ன ஒரு பெண், மூன்று மாதம் கழித்து மருந்து வாங்க வந்தபோது, கொய்யாப்பழம் வாங்கி வந்து பாதியைப் பிட்டு எனக்குக் கொடுத்தார். "இப்ப இனிக்குது சிஸ்டர்" என்றார்.

என்னிடம் சொன்னதை வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். நேரில் சொல்ல வரவில்லை என்றால் இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் கையில் கொடுங்கள். மாவட்ட மனநலத் திட்டம் தமிழகத்தில் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் கேட்டால் எந்தக் கிழமை எந்த ஊருக்கு டாக்டர் வருகிறார் என்று சொல்வார்கள். தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்று தோன்றினால் பாண்டி பஸ் ஏறுங்கள், தப்பில்லை. நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் அதில்தான் போகிறார்கள்.

அடுத்த கடிதத்திலும் பெயர், ஊர் வேண்டாம். நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், யாரிடம் சொன்னீர்கள், அதை மட்டும் எழுதுங்கள். ஒரு கார்டு போதும். தபால்காரர் வருகிற பதினோரு மணிக்கு நான் வாசலில் இருப்பேன்.